இரண்டரை நூல்

வெல்லாவெளி
02.08.1998

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனபடியால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன். உங்கள் போன கடிதம் களுவாஞ்சிக்குடியில் இரத்தினம்மா மாமி வீட்டில் பதினொரு நாள் கிடந்துவிட்டு, பாதை ஏறி வாவியைக் கடந்து போன வெள்ளிக்கிழமைதான் என் கைக்கு வந்தது. மண்டூர்த் துறையில் மிதக்கிற அந்த ஒரு பாதைப் படகை நம்பித்தான் இந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் இருக்கிறது. அதுவும் காலை ஆறுக்கும் பின்னேரம் ஐந்துக்கும் இடையில்தான் ஓடும்.

விசயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கச்சி கண்ணகை மறுபடியும் பிள்ளைத்தாச்சி. தை மாதம் என்று சொல்கிறார்கள். அவள் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை, சேலைக் கட்டைப் பார்த்து நானாகத்தான் கேட்டேன். போன வருடம் நடந்ததை நீங்கள் கடிதத்தில் வாசித்தீர்கள். நான் வண்டிலுக்குள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள். பிள்ளை கால் கீழாக நின்றது. நம் வீட்டிலிருந்து துறைக்கு ஐந்து மைல் கட்டை. மழைக்குள் மாட்டு வண்டில் அந்த ஐந்து கட்டையைக் கடக்க மூன்றரை மணித்தியாலம் எடுத்தது. துறை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பிள்ளை பிறந்தது. அழவில்லை. இன்னுமொரு தடவை அந்த வண்டிலில் ஏற அவளுக்கும் சக்தி இல்லை, எனக்கும் இல்லை.

கொட்டிலுக்குள் உங்கள் மொறிஸ் மைனர் இரண்டு வருடமாக ஓலைக்குக் கீழே கிடக்கிறது. எஞ்சின் போய்விட்டது என்று சொல்லிவிட்டுத் தோகாவுக்குப் போனீர்கள், அதனால் போன முறை அதை யாரும் நினைக்கவே இல்லை. இந்த முறை நான் நினைத்தேன். நம் கலியாணம் முடிந்த புதிதில், அறுவடை முடிந்த வயல் வட்டையில் வைத்து எனக்கு ஓட்டப் பழக்கியவரும் நீங்கள்தானே. வரம்பில் ஏற்றி உங்கள் அண்ணனின் நெல் மூட்டையில் இடித்ததை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

போன கிழமை நானும் கண்ணகையின் புருஷன் இராசதுரையும் உழவு இயந்திரத்தின் பற்றரியை இரவல் வாங்கிக் கொழுவி, ஒரு சோடாப் போத்தல் பெற்றோல் விட்டு, கம்பியைப் போட்டுச் சுழற்றினோம். பிடித்தது மச்சான். இரண்டு தரம் தும்மிவிட்டுப் பிடித்தது. கண்ணகை அழுதுவிட்டாள். ஆனால் இருபது எண்ணி முடியுமுன் கீழே ஒயில் ஊற்றத் தொடங்கியது. நிற்பாட்டிவிட்டோம்.

சாக்கை விரித்துப் படுத்துப் பார்த்தேன். ஒயில் பம்பைப் பிடிக்கிற நாலு போல்டும் நாலு மாதிரி. ஒன்றுக்குத் தலை பெரிது, ஒன்றுக்குச் சிறிது, ஒன்று வண்டில் ஆணியா என்று சந்தேகம். நாலும் பாதிதான் உள்ளே நிற்கின்றன, விரலால் தொட்டால் ஆடுகின்றன. கண்டவன் கை வைத்த வேலை மாதிரி இருக்கிறது. நீங்களோ வேறு ஆளைக் காரின் கதவைத் திறக்கவும் விடமாட்டீர்கள். அதுதான் எனக்கு விளங்கவில்லை.

என்ன போல்ட், என்ன அளவு, எங்கே கேட்கலாம் என்று விபரமாக எழுதுங்கள். சுகம் விசாரித்து நீட்ட வேண்டாம். அளவை எழுதுங்கள்.

தை மாதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
புஸ்பம்


தோகா
25.08.1998

அன்பின் புஸ்பம்,

கடிதம் கிடைத்தது. கண்ணகையின் செய்தி சந்தோசம். பயமாகவும் இருக்கிறது.

இங்கே வெயிலுக்குள் இரும்பைத் தொட முடியாது, துணி சுற்றித்தான் ஸ்பனரைப் பிடிக்கிறோம். எல்லாம் ஜப்பான் வாகனம். பத்து, பன்னிரண்டு, பதினாலு என்று மூன்று ஸ்பனர் இருந்தால் ஒரு வாகனத்தைக் கழற்றிப் பூட்டிவிடலாம். யோசிக்கத் தேவையில்லை. யோசிக்காமல் செய்கிற வேலைதான் ஆளை அதிகம் களைக்கப் பண்ணுகிறது என்று இங்கே வந்துதான் தெரிந்தது.

நம் காருக்கு அப்படி இல்லை. பழைய இங்கிலாந்துக் காரில் இடத்துக்கு ஒரு அளவு. ஒரு ஸ்பனரில் அடித்திருக்கிற இலக்கம் போல்டின் தலையை அளந்தது, இன்னொன்றில் அடித்திருப்பது உடம்பை அளந்தது. இரண்டிலும் ஒரே இலக்கம் இருக்கும், ஒன்று பிடிக்கும், மற்றது வழுக்கும். அதனால்தான் என் ஸ்பனர் பெட்டியில் ஒன்றும் போல்டைக் கடிக்கவில்லை என்று உனக்குத் தோன்றியிருக்கும்.

காரை அப்படியே விட்டுவிடுவது நல்லது என்பது என் எண்ணம். உழவு இயந்திரம் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்தானே. வெள்ளத்துக்குள் அது வண்டிலை விடக் கெதியாகப் போகும்.

எப்படியும் பார்ப்பேன் என்று நீ நின்றால், நாலு போல்டும் இரண்டரை நூல், இங்கிலீஷ் அளவு. தச்சனும் மேசனும் சொல்கிற நூல்தான், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. களுவாஞ்சிக்குடி இரும்புக் கடையில் கேட்டால் தருவார்கள். கீழே படம் கீறி இலக்கத்திலும் அளவு போட்டிருக்கிறேன், கடைக்காரனுக்குக் காட்டு.

காருக்குக் கீழே படுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். முட்டுக் கொடுக்காமல் படுக்காதே.

மூர்த்தி


வெல்லாவெளி
04.10.1998

அன்புள்ள மச்சானுக்கு,

உழவு இயந்திரம் வைத்திருக்கிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் அதைக் காட்டுக்குள் மறைத்து வைக்கிறார்கள். கண்டால் எடுத்துப் போகிறவர்கள் யார் என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

உங்கள் கடிதத்தை மாமி வீட்டில் வைத்து வாசித்தேன். அன்றைக்கே கடைக்குப் போய் இரண்டரை நூல் போல்ட் நாலு வாங்கினேன். வாங்கிய பிறகுதான் அதை எப்படி இந்தக் கரைக்குக் கொண்டுவருவது என்ற யோசனை வந்தது. இரும்புச் சாமான் ஒன்றும் கொண்டுவர விடமாட்டார்கள், சைக்கிள் செயினுக்கே அனுமதிக் கடிதம் கேட்கிறார்கள். மாமி ஒரு றாத்தல் புளியை எடுத்து, கொட்டையை எடுக்கிற மாதிரிப் பிசைந்து, நாலு போல்டையும் நடுவில் வைத்து உருட்டித் தந்தா. "புளிக்குள்ள எவன் கைய விடப்போறான் புள்ள, போ" என்றா.

அக்கரைத் துறையான குருமண்வெளியில் ஆமிக்காரரின் சோதனை. ஒருவன் புளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான். என் சட்டைக்குள் மடித்து வைத்திருந்த உங்கள் கடிதம்தான் அகப்பட்டது. நீங்கள் கீறிய படமும் இலக்கமும் அவனுக்குக் கண்ணில் குத்திவிட்டன. இது என்ன இலக்கம், எந்த இடத்தின் படம், யார் அனுப்பியது என்று மாறி மாறிக் கேட்டான். ஒரு மர வாங்கில் இருத்தி வைத்தான். இரண்டு பாதை போய்விட்டது. நான் புளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மடியில் பாரம் தெரியுமே என்று பையைத் தரையில் வைத்தேன். தரையில் வைத்தால் சந்தேகப்படுவானே என்று திரும்ப மடியில் வைத்தேன்.

கடைசியில் வயதான ஒருவர் வந்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். இது போல்டின் அளவு, நூல் கணக்கு என்று சொன்னேன். நூல் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் சிங்களத்திலும் அதற்கு நூல்தானாம். "எங்கட அப்பா மேசன். நூல் பிழைச்சா அடி" என்று சொல்லி, படம் இருந்த துண்டை மாத்திரம் கிழித்து எடுத்துவிட்டு மிச்சத்தைத் தந்தார். இனிமேல் படமும் இலக்கமும் வேண்டாம், எல்லாவற்றையும் எழுத்தில் எழுதுங்கள்.

வீட்டுக்கு வந்து புளியைக் கரைத்து எடுத்தால் போல்ட் நாலும் கோயில் விளக்கு மாதிரி மினுங்கின. ஆசையோடு போய்ப் பூட்டினேன். இரண்டு சுற்று நன்றாகப் போனது. மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டது. நாலும் அப்படித்தான். இராசதுரை வந்து முறுக்கினான், அவனுக்கும் மாட்டேன் என்றது. "மச்சான் அளவ மறந்துபோனாரோ என்னவோ" என்கிறான். ஒரு காரை இருபது வருடம் கட்டி அழுதவர் அளவை மறப்பாரா என்று கேட்டேன்.

என்ன பிழை விடுகிறேன்? எழுதுங்கள். கண்ணகைக்கு வயிறு தெரியத் தொடங்கிவிட்டது. கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் கொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

புளி நாறும் கையோடு,
புஸ்பம்


தோகா
27.10.1998

அன்பின் புஸ்பம்,

துறையில் உன்னை இருத்தி வைத்ததை வாசித்த பிறகு எனக்கு நித்திரை இல்லை. ஒரு படம் கீறி உன்னை மாட்டிவிடப் பார்த்தேனே என்று இருக்கிறது.

பலமாக முறுக்க வேண்டாம். இராசதுரையைக் கிட்டவும் விடாதே. முறுக்கினால் உள்ளே திருகுப் புரி அழிந்துவிடும், பிறகு எந்தப் போல்டும் நிற்காது, எஞ்சினே போய்விடும். பழைய துவாரம், துரு ஏறியிருக்கும். மண்ணெண்ணெய் விட்டு ஊற விடு. ஒரு மாதம் ஊறட்டும். பிறகு பார்க்கலாம்.

அதற்குள் வேறு வழியும் யோசி. மார்கழி தொடக்கத்திலேயே கண்ணகையை இரத்தினம்மா மாமி வீட்டில் கொண்டுபோய் விட்டால் என்ன? ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். கார் தேவையே இல்லை.

என்னோடு அறையில் இருக்கிற ஓட்டமாவடி ஹமீட் நேற்றுக் கேட்டான், "மூர்த்தி, நீ ஊருல என்னத்தயோ ஒளிச்சு வெச்சிட்டு வந்தவன் மாதிரி கிடக்காய், என்னடாப்பா?" என்று. வெயில் என்று சொன்னேன்.

மண்ணெண்ணெய் விடு. முறுக்காதே.

மூர்த்தி


வெல்லாவெளி
22.11.1998

மூர்த்தி மச்சானுக்கு,

மாமி வீட்டில் வெளியாள் தங்கினால் ஆமியிடம் பதிய வேண்டும். ஐப்பசியில் பதியப்போன ஒரு பெண்பிள்ளையை, வாவிக்கு இந்தப் பக்கம், படுவான்கரை ஆள் என்றதற்காக, மூன்று நாள் வைத்து விசாரித்துவிட்டுத்தான் விட்டார்கள். அதைக் கேட்ட பிறகு கண்ணகை செத்தாலும் இங்கேயே சாகிறேன் என்கிறாள். வலி வந்தால் ஆஸ்பத்திரி அட்டையோடு பாதை ஏறலாம். அதற்கு முன்னம் முடியாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

மண்ணெண்ணெய் விட்டு ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை. வாங்கி வந்த இரண்டரை நூல் போல்ட் ஒன்றைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, பாதை ஏறி, பஸ் ஏறி, காத்தான்குடிக்குப் போனேன். பழைய காருக்குச் சாமான் என்றால் அசனார் காக்கா கடை என்று நீங்கள் சொல்லி எனக்கு ஞாபகம். மனிசனுக்குக் கண் மங்கிவிட்டது. விரல் மங்கவில்லை. போல்டை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, என்ன கார் என்று கேட்டார். சொன்னேன். ஐம்பத்தோராம் ஆண்டு மொறிஸா, எஞ்சின் மாற்றாததா என்று கேட்டார். ஓம் என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இது போகா மகள். அந்த எஞ்சினுக்கு போல்ட்ட தலை மட்டும்தான் இங்கிலீசு. உடம்பு பிரான்சுக்காரன்ட. எட்டு மில்லி, நெருக்கப் புரி. இரண்டரை நூலயும் அதயும் பக்கத்துல வெச்சா தாய்க்கும் வித்தியாசம் தெரியா. பூட்டினா ரெண்டு சுத்து போகும், மறுகா நிண்டுரும்."

இது ஊரில் வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "மூர்த்திக்குத் தெரியாதா? எண்பத்தாறுல நாலு போல்ட் கொழும்புல இருந்து எடுப்பிச்சுக் குடுத்தது நான்தானே. ஒரு கிழமை என்ட கடை வாசலயே கிடந்தார்."

வரும்போது பஸ்ஸுக்குள் இருந்து யோசித்தேன். தலைக்கும் உடம்புக்கும் வேறு அளவு என்று எனக்கு முதல் கடிதத்திலேயே பாடம் எடுத்தீர்கள். எடுத்தவர் சரியான அளவை மாத்திரம் எழுதவில்லை. அந்த நாலு குப்பைப் போல்டையும் அரைகுறையாகச் செருகியவர் யார் என்பதும் எனக்கு இப்போது விளங்குகிறது.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். நீங்கள் எழுதிய பொய்யைப் புளிக்குள் வைத்துக்கொண்டு நான் துப்பாக்கிக்கு முன்னால் இருந்தேன். அதை நினைக்கிறபோது உங்கள் மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு இந்தக் கடுதாசி போதாது.

அசனார் காக்காவிடம் அந்தப் போல்ட் இல்லை. கொழும்புக்கு எழுதிப் பார்க்கிறேன், தைக்குள் வராது என்று சொல்லிவிட்டார். எனக்கு இனி உங்களை விட்டால் ஆள் இல்லை. ஏன் என்று எழுதுங்கள். அதற்கு முதல், சரியான நாலும் எங்கே என்று எழுதுங்கள்.

புஸ்பம்


தோகா
12.12.1998

அன்பின் புஸ்பம்,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஹமீட் லீவில் வருகிறான், அவன் கையில் தந்து விடுகிறேன். மாமி வீட்டில் கொடுப்பான்.

முதலில் எங்கே என்று எழுதுகிறேன். உன் தகரப் பெட்டியில், அடியில், உன் கூறைச் சேலையின் மடிப்புக்குள். நாலும் ஒயில் துணியில் சுற்றி இருக்கின்றன. நான் இல்லாமல் நீ அந்தச் சேலையை எடுத்து விரிக்க மாட்டாய் என்று தெரிந்துதான் அங்கே வைத்தேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

இனி ஏன் என்று. சீனித்தம்பியை உனக்குத் தெரியும். வான் வைத்திருந்தவர். ஒரு நாள் இயக்கத்தார் வந்து சாமான் ஏற்ற வேண்டும் என்று கேட்டார்கள், ஏற்றினார். இல்லை என்று சொல்ல அவருக்கு ஏது வாய். அடுத்த மாதம் மற்றப் பக்கத்தார், ஆமிக்காரர், பிடித்து யாருக்கு ஓடினாய் என்று கேட்டார்கள். வான் திரும்பி வந்தது. அவர் வரவில்லை. அதற்குப் பிறகு இயக்கத்தார் நம் வாசலுக்கும் இரண்டு தரம் வந்து கார் எப்படி ஓடுகிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நீ வட்டைக்குப் போயிருந்த நாட்கள், உனக்குச் சொல்லவில்லை. அன்றைக்கே நாலு போல்டையும் கழற்றினேன். எஞ்சின் போய்விட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன். உனக்கும் அதையே சொன்னேன்.

ஓடாத காரை ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஓடுகிற காரைக் கேட்டால் ஓட்டுகிற ஆளையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். ஓட்டுகிற ஆள் இப்போது நீ. உன் முதல் கடிதத்தை வாசித்தபோது எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கண்ணகை எனக்குத் தங்கச்சி. ஆனாலும் உன்னை நினைத்துத்தான் பிழையான அளவை எழுதினேன். நீ அலுத்துப்போய் விட்டுவிடுவாய் என்று நம்பினேன். உன்னோடு இத்தனை வருடம் வாழ்ந்தும் அப்படி நம்பியது என் மடைத்தனம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதை இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். போன வருடம் கண்ணகையை வண்டிலில் ஏற்றிய அன்றும் அந்த நாலு போல்டும் பெட்டிக்குள்தான் கிடந்தன. உன் கடிதம் இங்கே வந்த நாளிலிருந்து ஒவ்வொரு போல்டைக் கையில் எடுக்கும்போதும் அந்த நினைவுதான். இதை யாருக்கும் சொல்லவில்லை. ஹமீடுக்கும் சொல்லவில்லை.

பூட்டுகிற விதம் இது. துவாரத்தைத் துணியால் துடை. ஸ்பனரை எடுக்காதே. கையால் பூட்டு. சரியான போல்ட் கடைசிச் சுற்று வரைக்கும் விரலுக்கே போகும். போகாவிட்டால் கழற்றித் திரும்ப வை. நாலும் கையால் போன பிறகுதான் ஸ்பனர், அதுவும் கால் சுற்று.

அதற்குப் பிறகு என்ன செய்வது என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்லுகிற தகுதியை நானே போக்கிவிட்டேன். ஓடினால் வருவார்கள், அதை மாத்திரம் மறந்துவிடாதே.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை,
மூர்த்தி


வெல்லாவெளி
07.02.1999

அன்புள்ள மச்சானுக்கு,

பெண் பிள்ளை. ஆறு றாத்தல். அழுதாள். ஆஸ்பத்திரி விறாந்தையின் அந்தத் தொங்கல் வரைக்கும் கேட்டது. கண்ணகை தையலோடு படுத்திருக்கிறாள், கஞ்சி குடிக்கிறாள். இதை முதலில் எழுதாமல் வேறு எதை எழுதினாலும் நீங்கள் வாசிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

உங்கள் கடிதம் தை ஒன்பதாம் திகதி வந்தது. இரண்டு தரம் வாசித்தேன். பிறகு பெட்டியைத் திறந்தேன். ஒயில் துணியைத் தாண்டி ஊறி, சேலையில் நாலு இடத்தில் துருக் கறை பிடித்துவிட்டது. சரிகைக்குக் கிட்ட. தேசிக்காய் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. நான் அந்தச் சேலையை எடுக்க மாட்டேன் என்று எண்ணினீர்களே, அது சரிதான். எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் போன பிள்ளைக்கு முதலே கண்டிருப்பேன். இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. எனக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது என்று தோன்றுகிறது, அதுதான்.

போல்ட் கையாலேயே போனது. கடைசிச் சுற்று மட்டும் போனது. காருக்குக் கீழே படுத்துக்கொண்டு நான் அழுதேன். இராசதுரை ஒயில் கண்ணில் பட்டுவிட்டதா என்று கேட்டான், ஓம் என்றேன்.

பதினெட்டாம் திகதி காலை பத்து மணிக்கு வலி. மூன்று நாள் மழை, வட்டையும் றோட்டும் ஒன்றாகக் கிடந்தன. தண்ணீர் கூடின இடங்களில் இராசதுரை இறங்கி முழங்கால் தண்ணீரில் காருக்கு முன்னால் நடந்தான், றோட்டு எது பள்ளம் எது என்று அவன் காலால் தடவித் தடவிப் போக, அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் ஓட்டினேன். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில்தான் ஓட்டினேன், புகை உள்ளே வந்தது. கண்ணகை பின்சீற்றில் என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். துறைக்கு ஒன்றரை மணித்தியாலம். போன முறை பிள்ளை பிறந்த இடத்தை நாங்கள் நிற்காமல் கடந்தோம். அவள் அந்த இடத்தில் மாத்திரம் சத்தம் போடவில்லை. அக்கரையில் அந்த மேசன் மகன்தான் நின்றார். அவளைப் பார்த்துவிட்டுப் பையைத் திறக்காமலே விட்டார். இந்தப் பிள்ளைக்கும் கால்தான் கீழாக நின்றதாம். கால் மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கினார். போதும் ஐயா என்று சொல்லிவிட்டேன்.

அன்று பின்னேரமே கடைசிப் பாதையில் நான் திரும்பி வந்து காரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு சொட்டு ஒயில் ஒழுகவில்லை. கொட்டிலில் விட்டு, சூடு ஆறும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்து, நாலு போல்டையும் கழற்றினேன். களுவாஞ்சிக்குடியில் வாங்கிய அந்த நாலையும் இரண்டு சுற்றுக்குப் பூட்டி, பழைய ஒயிலைக் கீழே ஊற்றிவிட்டேன். நீங்கள் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.

நீங்கள் எழுதியது போலவே நாலாம் நாள் இயக்கத்தார் மூன்று பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "அக்கா, உங்கட கார் துறைக்கு ஓடினதாமே" என்றான் ஒருவன். "ஓடின தம்பி. வந்து சேந்ததோட போச்சு. இப்ப ஓடா" என்றேன். கீழே படுத்துப் பார்த்தான். ஒயில் குளமாக நின்றது. ஆடுகிற போல்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழும்பினான். "இது என்ன அளவு போல்ட் அக்கா போடணும்?"

"ரெண்டரை நூல். இங்கிலீசு" என்றேன்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும் தம்பி. அவர் எழுதி அனுப்பின கடிதம் கிடக்கு, பாருங்க."

உள்ளே போய் உங்கள் ஆவணி மாதக் கடிதத்தை எடுத்து வந்து கொடுத்தேன். படம் கிழிந்த துண்டு போக மிச்சத்தில் அந்த வரி அப்படியே இருந்தது. வாசித்தான். உங்கள் கையெழுத்தைப் பார்த்துத்தான் நம்பினான். ஒரு சிகரெட் மட்டையில் அதை எழுதிக்கொண்டு, அளவு எடுத்துக்கொண்டு வாறம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னும் வரவில்லை. வருவார்கள். வந்து பூட்டுவார்கள், இரண்டு சுற்றுப் போகும். முறுக்கினால் புரி அழியும் என்று எனக்குத் தெரியும். அழிந்தால் அழியட்டும்.

கண்ணகைக்கு அந்தப் பெட்டியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது நம் இரண்டு பேரோடும் இருக்கட்டும். உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னுமொரு பொய். பாதி போய்விட்டது. மிச்சம் நீங்கள் நேரில் வந்தால் போகுமோ என்னவோ. நாலு போல்டும் இப்போது சேலைக்குள் இல்லை. எங்கே என்று எழுத மாட்டேன், வந்து கேளுங்கள்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்று உங்களுக்கு எழுதியவள் நான். அவர்கள் போன பிறகு சுடச்சுடச் சோறு ஆக்கி, ஆற்று மீன் குழம்பு வைத்து, இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

புஸ்பம்